சாவியை மீண்டும் கையில் கொடுக்கும் முன்: சிறை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சிறைத்துறைத் தலைவர்களுக்கும், கண்காணிப்பாளர்களுக்கும், அன்றாடம் பணிப்பட்டியல் எழுதும் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மா இறந்த செய்தி என்னை வந்தடைந்தபோது, சிறைக் காவலராக இருந்த நான் மாலை லாக்-அப்பில், அதாவது சிறைவாசிகளை எண்ணி அறைகளில் பூட்டும் பணியில், நின்றிருந்தேன். அம்மா பிற்பகல் மூன்று மணிக்கே போய்விட்டார். என் கைபேசி, விதிப்படி, வெளி வாயிலருகே இருக்கும் பெட்டகத்தில் கிடந்தது. அக்கா பதினொரு முறை அழைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு சிறையின் பொது எண்ணை எங்கோ தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். வாக்கிடாக்கியில் என் எண்ணைக் கூப்பிட்டு, லாக்-அப் முடிந்ததும் கேட்டுக்கு வரச் சொன்னார்கள். அன்று பார்த்துக் கணக்கு நேராகவில்லை. ஒரு தலை குறைந்தது. கணக்கு நேராகும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. மருத்துவப் பிரிவுக்குப் போயிருந்த ஒருவரைக் கண்டுபிடித்து, எல்லா பிளாக்கையும் மறுபடி எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கேட்டுக்குப் போனேன். இடுப்புச் சங்கிலியிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் எண் பொறித்த பித்தளைத் தகட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சிறு ஜன்னல் அது. அந்த ஜன்னல் வழியாகவே, பணியில் இருந்தவர் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துப் படித்தார்: "உங்கள் அம்மா தவறிவிட்டாராம்." எனக்குப் பின்னால் ஷிஃப்ட் முடிந்த நான்கு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். நான் தகட்டை எடுத்துக்கொண்டு விலகி அவர்களுக்கு வழிவிட்டேன்.

சீட்டைப் படித்தவர் மீது எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆனால் அதே சிறையில், அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு, இதே போன்றதொரு செய்தியை நானே இன்னொருவரிடம் சொல்லியிருந்தேன். என் பிளாக்கில் இருந்த ஒரு சிறைவாசியின் தந்தை இறந்துவிட்டார். அன்று நாங்கள் செய்தது என்ன? முதலில் செய்தி உண்மைதானா என்று குடும்பத்தாரிடம் கேட்டு உறுதிசெய்தோம். அவரை வராந்தாவில் நிறுத்தாமல் நலப் பிரிவு அலுவலரின் அறைக்கு அழைத்துப் போனோம். உட்கார நாற்காலி, மேசையில் தண்ணீர், கதவு சாத்தியிருந்தது. அலுவலர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அழுது முடிக்கும்வரை காத்திருந்தோம். வீட்டாருடன் தொலைபேசியில் பேசவைத்தோம். அன்றிரவு அவர் தனியாக இருக்க வேண்டாம் என்று அறையில் துணைக்கு ஆள் போட்டோம். இரவுப் பணிக்காரருக்குப் புத்தகத்தில் குறிப்பு எழுதிவைத்தோம். இறுதிச் சடங்குக்குக் காவலுடன் அழைத்துப்போக ஏற்பாடும் தொடங்கியது.

இது எங்கள் பெருந்தன்மை அல்ல. முறைப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றிய நெல்சன் மண்டேலா விதிகளில் 70-வது விதி இதைத்தான் சொல்கிறது. சிறைவாசியின் நெருங்கிய உறவினரோ, அவருக்கு முக்கியமான வேறு எவருமோ கடும் நோயுற்றாலும் இறந்தாலும் உடனடியாக அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சூழ்நிலை இடம் தரும்போதெல்லாம் நோயாளியின் படுக்கையருகேயோ இறுதிச் சடங்குக்கோ போய்வர அனுமதிக்க வேண்டும். நல்ல விதி. அது எழுதப்படுவதற்கு முன்பிருந்தே நல்ல அதிகாரிகள் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

அந்தத் தொகுப்பில் மொத்தம் 122 விதிகள். 74 முதல் 82 வரை பணியாளர்களைப் பற்றியவை. எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், என்ன பயிற்சி தர வேண்டும், எப்போது பலம் பயன்படுத்தலாம் என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. வேலையின் கடுமையைக் கருதிப் பணிச்சூழல் சாதகமாக அமைய வேண்டும் என்று 74-வது விதி சொல்கிறது. ஆனால் காவலரின் வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு மரணச் செய்தியை மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று நம் துறைக்கு நன்றாகவே தெரியும். அந்த அறிவைக் கம்பிக்கு ஒரு பக்கம் மட்டும் வைத்திருக்கிறோம். அதை மறு பக்கத்துக்கும் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சிறைவாசிக்குக் கிடைப்பதைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த மனிதருக்கு அன்று நாங்கள் செய்தவற்றில் ஒன்றைக்கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்த காலையைச் சொல்கிறேன். தகட்டை ஜன்னலில் வைத்தேன், சாவிக்கொத்து வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, காலைத் திறப்புக்கு நாழியாகிவிட்டது. இருவர் தோளில் தட்டினார்கள். ஒருவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. என்ன சொல்வதென்று தெரியாதவர்களில் ஒருவர், அவ்வளவுதான். முதல் அறையைத் திறந்தேன், இரண்டாவதைத் திறந்தேன். ஐந்தாவது அறையில் இருந்த முதியவர் எழுந்து நின்று, "ஐயா, அம்மா தவறிவிட்டார்களாமே" என்றார்.

அந்தக் கட்டடத்துக்குள் என்னிடம் முதலில் துக்கம் விசாரித்தவர் ஒரு சிறைவாசி.

வெளியே இருப்பவர்களுக்கு இது நெகிழ்ச்சியான காட்சியாகத் தோன்றும். சிறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் இன்னொரு முகமும் தெரியும். அந்த முதியவர் மனதாரத்தான் கேட்டார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நூற்று இருபது பேர் இருக்கும் ஒரு பிளாக்கில் எல்லோரும் மனதாரக் கேட்பவர்கள் அல்ல. காவலரின் முகம் வாடியிருப்பதை அவருடைய மேலதிகாரி ஒரு வாரம் கழித்துக் கவனிப்பார். அறைக்குள் இருப்பவர் அன்று காலையிலேயே கவனித்துவிடுவார். அவருக்கு நாள் முழுவதும் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது? துக்கத்தை இறக்கிவைக்கப் பணியாளர் ஓய்வறையில் இடமில்லாதபோது, ஆறுதலாக நாலு வார்த்தை பேசும் யாரிடமாவது அது இறங்கும். அந்த யாராவது சில நேரம் கம்பிக்கு உள்ளே இருப்பவராக இருப்பார். கடிதம் ஒன்றைத் தணிக்கை இல்லாமல் வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும் உதவியும், சின்னச் சின்னப் பொருளை உள்ளே கொண்டுவரும் உதவியும் இப்படித்தான் தொடங்கும். பின்னால் விசாரணை வரும்போது கோப்பில் ஒழுங்கீனம் என்று மட்டும் எழுதுகிறோம். அந்தக் காவலர் எந்த மாதம் யாரை இழந்தார் என்று கோப்பில் ஒருபோதும் இருக்காது.

ஆகவே துக்கத்தில் இருக்கும் பணியாளரைக் கவனிப்பதும் பாதுகாப்புப் பணிதான். இரக்கம் என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கும் அதிகாரிகளும் நம் துறையில் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கையாவது பார்க்கட்டும். மூன்று இரவு சரியாகத் தூங்காதவர் கையில் சாவிக்கொத்து இருக்கிறது. எண்ணிக்கை எடுக்கும்போது மனம் வேறெங்கோ இருப்பவர் நாற்பத்தொன்றை நாற்பது என்பார். பூட்டிவிட்டோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கத் தோன்றாது. ஒரு வசைச் சொல்லுக்குச் சாதாரண நாளில் சிரித்துவிட்டுப் போகிறவர், அந்த வசையில் 'அம்மா' என்ற சொல் இருந்தால் அன்று கை ஓங்கிவிடலாம்.

இனி நான் சொல்லப்போவது என் தவறு.

பணியில் இருபது ஆண்டுகள் கடந்த பிறகு பிளாக் பொறுப்பும், அதோடு பணிப்பட்டியல் எழுதும் வேலையும் எனக்கு வந்தன. என் கீழ் ஓர் இளைஞர் இருந்தார். அவருடைய தம்பி தற்கொலை செய்துகொண்டார். விடுப்பு முடிந்து திரும்பியவர் பழையபடி வேலை பார்த்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மூன்றாவது வாரம், ஆள் பற்றாக்குறை இருந்த ஓர் இரவு, அவரைச் சிறப்புக் கண்காணிப்பு அறைக்குப் போட்டேன். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று கருதப்படும் சிறைவாசியை வைத்திருக்கும் அறை. இரவு முழுவதும், இடைவெளி கணிக்க முடியாதபடி நேரத்தை மாற்றி மாற்றி, கதவின் பார்வைத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததை நேரத்துடன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பதிவுகூட விடுபடவில்லை. ஆனால் விதிப்படி தேவையானதைப் போல மூன்று மடங்கு பதிவுகள் இருந்தன. 1.10, 1.13, 1.15, 1.16. ஒவ்வொன்றிலும் 'மூச்சு இருக்கிறது' என்று எழுதியிருந்தார். மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது என்று பக்கம் பக்கமாக. அவர் இரவு முழுவதும் அந்தக் கதவைவிட்டு நகரவே இல்லை. உள்ளே படுத்திருந்தவர் யாராகத் தெரிந்தார் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. "ஏன் ஐயாவிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை?" என்று பின்னொரு நாள் சக காவலர் ஒருவர் கேட்டபோது, "கேட்டால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பார்கள்" என்றாராம். எட்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

அந்தப் பட்டியலை எழுதியது நான். தம்பி எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரியும். பட்டியல் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வரும்படி எந்த ஏற்பாடும் எங்கள் அலுவலகத்தில் இருக்கவும் இல்லை. ஒருவர் முதுகுவலி என்று மருத்துவச் சான்று கொடுத்தால் கோபுரப் பணி கூடாது என்று பட்டியலின் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துவைப்போம். சாவுக்கு அப்படி ஒரு குறி கிடையாது.

பட்டியல் எழுதும் நண்பர்களே, உங்களிடம் கூடுதலாகப் பேச எனக்கு உரிமை உண்டு, நானும் உங்களில் ஒருவன். துக்கத்திலிருந்து திரும்பும் ஒருவரை எங்கே போடக் கூடாது என்று யோசியுங்கள். தற்கொலையில் ஒருவரை இழந்தவரைக் கண்காணிப்பு அறைக்குப் போடாதீர்கள். வீட்டில் ஒருவர் கொலையுண்டிருந்தால், அதே வகைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் இருக்கும் பிளாக்குக்கு அந்தக் காவலரை அனுப்பாதீர்கள். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவரைப் பார்வையாளர் நாளன்று, குழந்தைகள் ஓடிவரும் கூடத்தில் நிறுத்தும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். தனியாக நிற்கும் இரவுக் கோபுரப் பணி சிலருக்கு ஆறுதல், சிலருக்கு நரகம். எது என்று உங்களுக்குத் தெரியாது, அவரைக் கேட்டால்தான் தெரியும். நீங்களாக முடிவுகட்டி எல்லோரையும் அலுவலக மேசையில் உட்காரவைத்துவிடவும் கூடாது. பிளாக்குக்குப் போவதுதான் அவரைத் தூக்கி நிறுத்தும் என்றால் அதைப் பறிப்பது தண்டனை.

துக்கம் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போய் ஒரு நாள் முடிந்துவிடும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளைப் பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-ல் அவற்றைச் சொன்னது, சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளுடன் பேசி. இழந்தவர்கள் எல்லோரும் வரிசையாக ஏறியாக வேண்டிய ஏணி அல்ல அது. 1999-ல் உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் முன்வைத்த விளக்கம் நான் கண்ணால் கண்டதோடு அதிகம் ஒத்துப்போகிறது. இழந்தவர் இரண்டு கரைகளுக்கு இடையே போய்வந்துகொண்டிருக்கிறார் என்கிறார்கள். ஒரு கரையில் இழப்பு, அழுகை, நினைவு. மறு கரையில் அன்றாட வேலை, புதிய பொறுப்புகள், கொஞ்சம் மறதி. இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். ஒரே கரையில் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

இதைப் படித்தபோது எனக்குச் சிறைதான் நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் வேலை செய்பவருக்குத் திடீரென்று நெஞ்சு அடைத்தால் எழுந்து வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம். பிளாக்கில் நிற்கும் காவலருக்கு அது முடியாது. அவருக்குப் பின்னால் இருக்கும் கதவும் பூட்டியிருக்கிறது. ரிலீவர் வந்து சாவியை வாங்கினால்தான் அவர் கழிவறைக்கே போக முடியும். அழ வேண்டுமானால் நூறு பேர் பார்க்க அழ வேண்டும். ஆகவே அழுகையை எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் விழுங்கி வைக்கப் பழகுகிறார். விழுங்கிப் பழகியவருக்கு வீட்டுக்குப் போனாலும் அது வெளியே வருவதில்லை. மனைவியும் பிள்ளைகளும் பார்ப்பது சீருடை கழற்றிய ஒரு சுவரை.

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. திரும்பி வந்த முதல் சில வாரங்களுக்கு, ஒரு குறிச்சொல்லை அவருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் ஷிஃப்ட் பொறுப்பாளருக்கும் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாக்கிடாக்கியில் அதைச் சொன்னால், காரணம் கேட்காமல் ஓர் ஆள் போய்ச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவே மாட்டார்கள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருப்பதே பாதி பலம்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது என்று சொல்லும் நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இழந்தவர் எல்லோருக்கும் சிகிச்சை தேவையில்லை. மனநோய் அறிகுறி இல்லாதவர்களுக்குத் துக்கம் என்பதற்காக மட்டும் முறைப்படுத்திய உளவியல் சிகிச்சையைப் பொதுவாக எல்லோருக்கும் அளிக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பெரும்பாலோர் தம்மைச் சுற்றியிருக்கும் மனிதர்களின் துணையோடு தேறிவிடுகிறார்கள். சுற்றியிருக்கும் மனிதர்கள் என்றால் காவலரைப் பொறுத்தவரை யார்? விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அவர் நம்மோடுதான் கழிக்கிறார். ஆலோசகர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குத் துக்கம் மாதக்கணக்கில் இறுகி, அன்றாட வாழ்க்கையையே முடக்கிவிடும். ஆறு மாதம் கடந்தும் அப்படியே நீடிப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பு தனி நோயாகவே ஏற்றிருக்கிறது. எதிர்பாராத, வன்முறையான சாவுகளுக்குப் பின் இதற்கு வாய்ப்பு அதிகம். அவர்களை நிபுணரிடம் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆறாவது மாதத்தில் அவரைக் கவனிக்க யாராவது இருக்க வேண்டுமே? முதல் வாரம் மலர்வளையத்தோடு வந்தவர்கள் ஆறாவது மாதம் அவர் பெயரையே மறந்திருப்பார்கள். அதைக் கவனிக்க வேண்டியவர் நேரடி மேற்பார்வையாளர். அவருக்கு அதற்கான பயிற்சி தர வேண்டியவர்கள் நீங்கள். பணியிட மனநலம் பற்றி 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி தரச் சொல்கிறது.

விடுப்பு பற்றி நீளமாகப் பேச விரும்பவில்லை, சங்கங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒன்று மட்டும். விடுப்பு விதியில் உறவுகளின் பட்டியல் ஒன்று இருக்கும்: பெற்றோர், துணைவர், பிள்ளை, உடன்பிறந்தோர். வளர்த்த சித்தி அதில் இருக்க மாட்டார். பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த துணை இருக்க மாட்டார். பிறக்காமலே போன குழந்தை பல இடங்களில் இருக்காது; நியூசிலாந்து 2021-ல்தான் கருச்சிதைவுக்கும் மூன்று நாள் துக்க விடுப்பைச் சட்டமாக்கியது. கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் இத்தகைய துக்கத்துக்குத் தனிப்பெயரே வைத்தார். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். மேலே சொன்ன 70-வது விதியை மறுபடி பாருங்கள். நெருங்கிய உறவினர் என்பதோடு நில்லாமல், முக்கியமான வேறு எவரும் என்கிறது. சிறைவாசிக்கு யார் முக்கியம் என்பதை அவரே சொல்லலாம் என்றால், காவலரும் சொல்லட்டும்.

ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்தில் இன்னொன்று நம் வேலைக்கே உரியது. பிளாக்கில் ஒரு சிறைவாசி இறந்துபோனால் காவலருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். பத்து ஆண்டு ஒருவருக்குக் காலையில் கதவு திறந்து, மாலையில் பூட்டி, அவர் மகளின் தேர்வு முடிவை அவரோடு சேர்ந்து தெரிந்துகொண்டவருக்கு அந்தச் சாவு ஒன்றும் இல்லையா? தூக்கில் தொங்குபவரின் காலைத் தாங்கிப் பிடித்தபடி உதவிக்குக் கத்தியவருக்கு? சிறையில் நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் நிர்வாகத்துக்கு வெளியே உள்ள சுதந்திரமான அமைப்புக்குத் தாமதமின்றித் தெரிவித்து விசாரணைக்கு வழிவிட வேண்டும் என்கிறது 71-வது விதி. அது வேண்டும், அதில் எள்ளளவும் தளர்வு கூடாது. ஆனால் அந்தக் காவலர் அடுத்த சில மணி நேரத்தில் சாட்சியாகிவிடுகிறார். வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். மற்றவர்களோடு சம்பவத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். கையில் அந்தக் கயிற்றின் தடம் இன்னும் இருக்கும். வாயைத் திறக்க வழியிருக்காது. விசாரணையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரை அவருக்கு அருகே அன்று உட்காரவையுங்கள். நடந்ததைப் பற்றிக் கேட்காமல், வீட்டுக்கு எப்படிப் போவாய், யாரைக் கூப்பிடட்டும் என்று மட்டும் கேட்கும் ஒருவர் போதும். அதோடு, வீட்டில் சாவு கண்டு திரும்பி ஓராண்டுகூட ஆகாதவர் இந்தச் சாவையும் கண்டிருந்தால், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் என்பதை மறக்காதீர்கள்.

சக காவலர் ஒருவர் இறந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், அதை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். மறுநாள் பணிப்பட்டியலில் அவர் பெயர் மீது ஒரு கோடு, பக்கத்தில் வேறொருவர் பெயர். வாக்கிடாக்கியில் அவருடைய எண்ணில் வேறொரு குரல். ஒரு முறை, இறந்தவரின் லாக்கரை யாரோ அவசரத்தில் உடைத்து, உள்ளே இருந்தவற்றைச் சாக்கில் கட்டி வாயிலில் வைத்து அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. பாதி குடித்த இருமல் மருந்துப் புட்டி சட்டையெல்லாம் கொட்டியிருந்தது. அந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கை இரண்டு கையாலும் தூக்கி அணைத்துக்கொண்டு போனார்.

சிறையை மூட முடியாது என்று எனக்குத் தெரியும். யார் செத்தாலும் மாலை கணக்கு எடுத்தாக வேண்டும். ஆனால் அடுத்த சிறையிலிருந்து ஒரு நாளுக்கு இருபது பேரை வரவழைத்து, அந்த பிளாக்கின் ஆட்கள் இறுதிச் சடங்குக்குப் போய்வர வழி செய்ய முடியும். செய்த அதிகாரியின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். லாக்கரைத் திறக்க அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவரைக் கேட்க முடியும். பொருட்களை மடித்து, ஒரு நல்ல பெட்டியில் வைத்து, கண்காணிப்பாளரே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும். பட்டியலில் அந்த ஒரு வரியை ஒரு வாரம் வெறுமையாக விட முடியும்.

என் அம்மாவின் சாவைச் சொல்லித் தொடங்கினேன். அந்த மாலையில் எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். அவசரத் தொலைபேசி வந்தால் யார் எடுப்பது, யார் போய்ச் சொல்வது என்று முன்பே எழுதிவைத்த ஒரு தாள். லாக்-அப் நடுவே என்னை மாற்றிவிட ஓர் ஆள். வாயிலுக்குப் பக்கத்தில் கதவு உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி. என்னை வீட்டில் கொண்டுபோய் விட ஒருவர். நான் அன்று நானே வண்டி ஓட்டிக்கொண்டு போனேன், எந்த வழியாகப் போனேன் என்று இன்றுவரை நினைவில்லை. திரும்பி வந்த காலையில், தகட்டை ஜன்னலில் வைக்கும் முன், பத்து நிமிடம் உட்காரவைத்து நான்கு கேள்விகள். உங்களுக்கு நடந்தது யார் யாருக்குத் தெரியலாம்? எந்த இடத்தில் நிற்க வேண்டாம் என்று நினைக்கிறீர்கள்? சிறைவாசிகள் கேட்டால் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்? இரவில் தூங்குகிறீர்களா? பதிலைக் கேட்ட பிறகு சாவியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். வேண்டாம் என்று முடிவானால், அது தகுதிக் குறைவு என்று எந்தக் கோப்பிலும் ஏறாது என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி மட்டும் இருந்திருந்தால், பதிவேட்டில் மூச்சு இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்த அந்த இளைஞர் என்னிடம் வந்து கேட்டிருப்பார்.

ஒரு வேண்டுகோள் கூடுதலாக. உங்கள் மேசை நாட்குறிப்பில், இறப்பு நடந்த தேதியை அடுத்த ஆண்டுக்கும் குறித்துவையுங்கள். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே அவரைக் கூப்பிட்டு, அன்று பணி வேண்டுமா விடுப்பு வேண்டுமா என்று கேளுங்கள். பட்டியல் எழுதிய கடைசி மூன்று ஆண்டுகள் நான் அதைச் செய்தேன். அப்படிக் கேட்கப்பட்ட பதினோரு பேரில் ஏழு பேர் பணிக்கே வந்தார்கள். கேட்டபோது பதினோரு பேரும் சிறிது நேரம் பேசாமல் நின்றார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர்